பதினாலு மாடிக்குச் சொந்தக்காரர்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது புருஷன் பெண்டாட்டி சமாசாரம், கத்திச் சொல்ல முடியாது. கத்தினால் சம்பந்தப்பட்டவர் காதில் விழும். விழுந்தால் அந்த மனுஷன் இன்னொரு தடவை இளைத்துப் போவார்.

சம்பந்தப்பட்டவர் ஒரு லிப்ட்காரர். லிப்டில் ஏறுகிறவர் இல்லை, லிப்டை ஏற வைக்கிறவர். பதினாலு மாடி ஆபீஸ் கட்டடம், அதில் ஆறு லிப்ட், ஆறும் அவர் பொறுப்பு. கதவு மூடாவிட்டாலும் அவரைக் கூப்பிடுவார்கள், மூடின கதவு திறக்காவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் உச்சியில் மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் எறும்பு மாதிரி தெரிவார்கள். வீட்டுக்கு வந்ததும் யார் எறும்பு என்பது மாறிவிடும். ஏனென்றால் வீட்டில் தையல்காரம்மா இருந்தார்.

தையல்காரம்மா அவருடைய மனைவி. தெருமுனையில் ஒரு வாடகை அறையில் இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் முழுக்க நூல்கண்டு. பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, பேண்டுக்கு அடி மடிப்பு என்று எது வந்தாலும் தைப்பார். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவார். அப்போதுகூட வார்த்தைதான் ஊசியைவிடக் கூர்மையாக வெளியே வரும்.

அந்த அறை பூட்டுக்கடைக்காரருக்குச் சொந்தம். ஒரு நாள் அவர் வந்து வாசலில் நின்று மென்று முழுங்கினார்.

"அம்மா, இந்த ரூமை வித்துடலாம்னு இருக்கேன். டயர் கடைக்காரர் லோன் போட்டு வாங்கிக்கறேன்னு நல்ல விலை சொல்றார். நீங்க பழைய ஆளு. உங்களுக்கு ஒரு வருஷம் டைம். அதே விலையை நீங்க குடுத்தா ரூம் உங்களுக்கு."

"குடுக்கலேன்னா?"

"மிஷினைத் தூக்கறதுக்கு ஆளு நானே அனுப்பறேன்."

புருஷனும் பெண்டாட்டியும் பத்தொன்பது வருஷமாகச் சேர்த்த பணம் பாங்கில் இரண்டு பேர் பெயரிலும் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் விலையில் ஐந்தில் நாலு பங்கு தேறியது. ஒரு பங்கு துண்டு விழுந்தது. ஒரு வருஷத்துக்குள் அந்த ஒரு பங்கு வரவேண்டும், இல்லையென்றால் தையல்காரம்மாவின் அறையில் டயர் உருளும். விஷயம் அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு லிப்ட்காரர் ஒரு முடிவை அறிவித்தார்.

"அந்த ஒரு பங்கை நான் கொண்டு வரேன். நம்ம பணத்தை எடுத்து எங்க கட்டடத்துல போடப் போறேன்."

"உங்க கட்டடமா? அது எப்போ உங்களுதாச்சு?"

"ஒரு டிரஸ்ட்டு இருக்கும்மா. ஆயிரம் பேர்கிட்ட பணம் வாங்கி, பெரிய பெரிய கட்டடமா வாங்கி வாடகைக்கு விட்டு, வர்ற வாடகையை பங்கு பிரிச்சுக் குடுக்கும். பங்குக்கு யூனிட்டுன்னு பேரு. விலை ஏறினா சந்தையில வித்துக்கலாம். எங்க கட்டடம் அந்த டிரஸ்ட்டோடது."

"விலை ஏறும்னு யார் சொன்னா?"

"மீட்டர் சொல்லுது."

"எந்த மீட்டரு?"

"மோட்டார் ரூம்ல ஒவ்வொரு லிப்டும் எத்தனை தடவை ஓடுச்சுன்னு எண்ணிக்கிட்டே இருக்கும். போன வருஷம் நாளைக்குத் தொள்ளாயிரம் ஓட்டம். இப்போ ஆயிரத்து இருநூறு. அந்த டிரஸ்ட்டு நடத்தறவனுக்கே இந்த நம்பர் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"ஏறி இறங்கறவன் எல்லாம் வாடகை குடுக்கறவனா? அந்த டிரஸ்ட்டுக்குக் கடன் இருக்கா?"

"பெரிய இடம்னா கடன் இல்லாமலா இருக்கும்?"

"அந்தக் கடனுக்கு வட்டி ஏறினா?"

"லிப்டு ஓடறதுக்கும் வட்டி ஏறறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அது தெரியாமத்தான் போடறீங்களா? அப்போ வேண்டாம்."

தையல்காரம்மா வேண்டாம் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. முடிந்த பேச்சை மறுபடியும் எடுக்கும் தைரியம் லிப்ட்காரருக்குக் கிடையாது. ஆனால் ஆசை வந்துவிட்டதே. நேராகப் போக வழி இல்லாததால் சுற்றுவழி தேடினார்.

பணத்தை வெளியே எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். பள்ளிக்கூடத்துக்குச் சீருடை அனுப்புகிற நாளில் தையல்காரம்மா இருபது முப்பது ரசீதில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். அன்றைக்கு நூற்று இருபது கால்சட்டை கட்டி நின்றது. லிப்ட்காரர் என்றுமில்லாத அக்கறையோடு வந்து, ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். பதினேழாவது ரசீதுக்கும் பதினெட்டாவது ரசீதுக்கும் நடுவில் பாங்கு விண்ணப்பத்தையும் நீட்டினார். மேசையைக்கூடப் பார்க்காமல் அந்தம்மா போட்டுத் தள்ளினார்.

பாங்கில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு லிப்ட்காரர் விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தார். ஒரே ஒரு தப்புதான் செய்திருந்தார். விண்ணப்பத்தில் போன் நம்பர் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. தன் நம்பர் அவருக்குத் தெரியாது. தனக்குத் தானே யார் போன் போட்டுப் பேசுகிறார்கள்? பத்தொன்பது வருஷமாக எந்தக் காகிதம் வந்தாலும் என்ன நம்பர் எழுதுவாரோ, கை தன்பாட்டுக்கு அதையே எழுதிவிட்டது. அது தையல்காரம்மாவின் நம்பர்.

மறுநாள் காலையில் தையல்காரம்மாவின் போன் அடித்தது. பேசினது பாங்குப் பெண்.

"மேடம், நீங்களும் உங்க வீட்டுக்காரரும் உங்க பணத்தைப் பூரா எடுத்து டிரஸ்ட் யூனிட் வாங்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கீங்க. பெரிய தொகை. அதான் கையெழுத்து உங்களுதுதானான்னு ஒரு தடவை கேட்டுக்கறோம்."

தையல்காரம்மா வாயிலிருந்த குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். நாலாவது ஊசியை வைத்து முடிக்கும்போது நடந்தது என்னவென்று அவருக்கு முழுக்கப் புரிந்துவிட்டது.

"நான் நேர்ல வரேம்மா. அதுவரைக்கும் ஒத்தைக் காசை நகர்த்தாதீங்க."

இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் போய், பாங்குப் பெண்ணின் எதிரே உட்கார்ந்தார்.

"இந்த யூனிட்ல என்னம்மா வருது?"

"இன்னைக்கு விலைக்கு நூத்துக்கு ஆறு வரும் மேடம்."

"இங்கேயே டெபாசிட்டாப் போட்டா?"

"அதுவும் இப்போ ஆறுதான். போன வாரம்தான் ஏத்தினாங்க. இன்னும் ஏத்துவாங்கன்னு பேச்சு."

"எவ்வளவு ஏறும்?"

"ஏழரை, எட்டுன்னு சொல்றாங்க."

"இங்க எட்டு ஆயிட்டா அங்கேயும் எட்டு ஆயிடுமா?"

"அது எப்படி மேடம்? வாடகை ஒப்பந்தம் போட்டு வெச்ச வாடகை. திடீர்னு ஏறாது."

தையல்காரம்மா இன்ச் டேப்பை மடியில் விரித்துப் பிடித்தார். "சரி, நான் தையல்காரி. என் அளவுல சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. இன்னைக்கு நூறு குடுத்து யூனிட் வாங்கறேன், ஆறு வருது. நாளைக்கு பாங்கு எட்டு தருது. என் யூனிட்டை வாங்க வர்றவன் என்ன கேப்பான்? சும்மா உக்காந்திருந்தாலே எட்டு வரும்போது உன்கிட்ட ஆறுக்கு நான் ஏன் வரணும்னு கேப்பான். அவனுக்கும் எட்டு கட்டுபடியாகணும்னா நான் விலையைக் குறைக்கணும். எதுவரைக்கும்?" விரல் டேப்பில் நூறிலிருந்து மெல்லப் பின்னால் வந்து ஓரிடத்தில் நின்றது. "எழுபத்தஞ்சு."

பாங்குப் பெண் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தாள். எழுபத்தைந்து.

"கட்டடம் அப்படியே நிக்குது. வாடகையும் வருது. ஆனா என் இருபத்தஞ்சு போச்சு. சரிதானே?"

"சரிதான் மேடம்."

"இதுல அந்த டிரஸ்ட்டுக்குக் கடன் வேற உண்டாம்."

"உண்டு மேடம். அதுல பாதிக்கு, வட்டி ஏற ஏற அவங்களும் சேர்த்துக் கட்டணும்."

"அப்போ வாடகை வந்ததும் முதல் பந்தியில கடன்காரன் உக்காந்துடுவான். அந்த ஆறும் ஆறா நம்ம தட்டுக்கு வராது."

பாங்குப் பெண் விண்ணப்பத்தை மெதுவாகத் திருப்பி நீட்டினாள். "டெபாசிட்டா மாத்திடட்டுமா மேடம்? வெளியே எடுக்கத்தான் ரெண்டு கையெழுத்து. இங்கேயே டெபாசிட் போட ஒரு கையெழுத்து போதும். ஒரு வருஷத்துக்குப் போடலாமா?"

"ஒரு வருஷத்துக்குப் போட்டா இந்த ஆறுலேயே நின்னுடும். மூணு மாசத்துக்குப் போடுங்க. முடிய முடிய, அன்னைக்கு என்ன வட்டியோ அதுல மறுபடியும் போட்டுக்கலாம். வளர்ற பிள்ளைக்கு கால்சட்டை தைக்கும்போது அடியில ரெண்டு விரல் மடிச்சு விடுவேன். உயரம் ஏறினா பிரிச்சு விட்டுக்கலாம் பாருங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு நாங்க சொல்லணுமா மேடம்?"

"நான் சொல்லிக்கறேம்மா," என்றார் தையல்காரம்மா. எப்போது என்று சொல்லவில்லை.

சண்டை போடலாம்தான். ஆனால் சண்டை ஒரு நாளில் ஆறிப் போகும். புருஷன் வாயைத் திறந்து கேட்டால் சொல்வது, கேட்கும்வரை தைப்பது என்று அந்தம்மா முடிவு செய்தார். அவர் கேட்கவும் முடியாது. பாஸ்புக்கும் பெண்டாட்டி அலமாரியில், நம்பரும் பெண்டாட்டி போனில். எதைக் கேட்டாலும் தன் திருட்டைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

ஆக, ஒரு யூனிட்கூட வாங்காமல் லிப்ட்காரர் பதினாலு மாடிக்கும் சொந்தக்காரர் ஆனார்.

அந்தக் கூத்தையெல்லாம் தையல்காரம்மாவுக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அதே கட்டடத்தில் மாடி மாடியாகக் கூட்டித் துடைக்கிற வேலை. வீடு திரும்புகிற வழியில் தையல் அறையில் ஒரு அரைமணி உட்கார்ந்து, அன்றைய சேதியை அவிழ்த்தால்தான் அந்த அக்காவுக்குக் கால் வலி தீரும்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் சாமி வந்திருக்கா?"

"ஏன்க்கா?"

"அஞ்சாம் மாடியில ஆளில்லாத ரூம்ல லைட்டு எரிஞ்சா ஓடிப் போய் அணைக்கறார். பட்டனை ரெண்டு தடவை அமுக்கின பிள்ளையை நிறுத்தி வெச்சு, ஒரு தடவை அமுக்கினாலே வரும், இது என்ன உன் அப்பன் வீட்டுக் கரண்டான்னு கேக்கறார். என்னைக் கூப்பிட்டு, அக்கா சோப்புத் தண்ணியை அளந்து ஊத்துங்க, எல்லாம் நம்ம காசுங்கறார். நம்ம காசுன்னா என்ன அர்த்தம் தங்கச்சி? எனக்கும் பங்கு உண்டா?"

"கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டேன். சிரிக்கறார். காலண்டர்ல போட்ட ராஜா மாதிரி சிரிக்கறார்."

இரண்டு மாசம் ராஜா சிரித்தார். அப்புறம் வட்டி ஏறியது. ஏறின வட்டி இறங்கவில்லை, இன்னொரு படி ஏறியது. லிப்ட்காரர் போனில் யூனிட் விலையைப் பார்க்க ஆரம்பித்தார். பல் தேய்க்கும்போது பார்த்தார். சாப்பிடும்போது தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். நூறாக இருந்தது தொண்ணூற்று நாலு. தொண்ணூறு. எண்பத்தேழு.

"ஏங்க, சாப்பாட்டுல உப்பு இல்லியா? முகம் போற போக்கு சரியில்லையே," என்று கேட்டார் தையல்காரம்மா.

"உப்பெல்லாம் இருக்கு. எல்லாம் இருக்கு. அதான் புரியல."

"என்ன புரியல?"

"ஆளு இருக்கான், கூட்டம் இருக்கு, மீட்டர் ஏறுது. அப்புறம் ஏன்…" என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல. ரசம் ஊத்து."

"நான் ரசமே வைக்கலியே."

"சரி, தண்ணி ஊத்து."

ஒரு நாள் மட்டும் மனுஷன் துள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் பழைய ராஜா. மீட்டர் ஒரே நாளில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஓட்டம் காட்டியிருந்ததாம். கட்டடம் கட்டின நாளிலிருந்து அப்படி ஓடினதே இல்லையாம். இனிமேல் விலை பிய்த்துக்கொண்டு போகும் என்று சொல்லவில்லை, சொல்லாமலே கையைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே தையல் அறைக்குள் வந்தார். தையல்காரம்மாவிடமிருந்து வீட்டுச்சாவி வாங்க வந்த லிப்ட்காரரும் அங்கேதான் நின்றார்.

"முடியல தங்கச்சி. பதினோராம் மாடி கம்பெனி பூரா காலி பண்ணிட்டான். கடனுக்கு வட்டி கட்ட முடியலியாம், சின்ன இடத்துக்குப் போறானாம். காலையிலேருந்து நாற்காலி, மேஜை, பீரோன்னு ஆறு லிப்டுலயும் இறக்கிக்கிட்டே இருந்தான். பதினோராம் மாடியில இப்போ பந்து விளையாடலாம்."

தையல்காரம்மா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார். அவர் நின்ற இடத்திலேயே அரை அடி குள்ளமாகியிருந்தார்.

"ஆக, இன்னைக்கு லிப்டு நல்லா ஓடியிருக்குமே," என்றார் தையல்காரம்மா.

"ஓடுச்சு," என்றார் அவர்.

அடுத்த மாசம் இன்னொன்று நடந்தது. லிப்ட்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் கூடுதல் வேலை உண்டு, அதற்குத் தனிச் சம்பளம். அதை வெட்டிவிட்டார்கள்.

"யார் வெட்டினா?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"டிரஸ்ட்டுக்கு வட்டிச் செலவு ஏறிப்போச்சாம். யூனிட் வெச்சிருக்கிறவங்களுக்குப் பங்கு குறையக்கூடாதாம். அதுக்காக லிப்டுச் செலவைக் குறைக்கறாங்களாம்."

"அப்போ யூனிட் வெச்சிருக்கிறவங்க நல்லதுக்குத்தான் பண்ணியிருக்காங்க."

"ஆமா."

"யார் அந்த மகராசனுங்க? உங்க வயித்துல அடிச்சுட்டு அவங்க பங்கு வாங்கறாங்களே, கொஞ்சமாவது இரக்கம் இருக்கா அவங்களுக்கு?"

லிப்ட்காரர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். அடித்ததும் தானே, அடி வாங்கினதும் தானே என்று நினைத்திருந்தார் பாவம். உள்ளபடிக்கு அவர் அடி மட்டும்தான் வாங்கியிருந்தார்.

பூட்டுக்கடைக்காரர் சொன்ன ஒரு வருஷத்துக்கு இரண்டு மாசம் பாக்கி இருந்தது. விலை எழுபத்தாறில் வந்து நின்றது. ஒரு மத்தியானம், அறையில் வேறு யாரும் இல்லாத நேரம், லிப்ட்காரர் டிபன் டப்பாவோடு உள்ளே வந்தார். டப்பாவைத் திறக்கவில்லை. மிஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, தலைமுடி வெட்டிக்கொள்ள வந்தவர் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ கத்தரிக்கோலை அந்தப் பக்கம் வை."

"வெச்சுட்டேன். சொல்லுங்க."

"பணத்தை டிரஸ்ட்டுல போட்டுட்டேன்."

"எந்தப் பணத்தை?"

"எல்லாத்தையும். பதினேழாவது ரசீதுக்கு அடியில வெச்சு உன் கையெழுத்தை வாங்கினேன்."

தையல்காரம்மா மிஷினை நிறுத்தவில்லை. ஒரு கால்சட்டையின் இடது கால் முடிந்து வலது கால் தொடங்கியது.

"இப்போ எவ்வளவு இருக்கு?"

"நூறு எழுபத்தாறா இருக்கு."

"ஏன் குறைஞ்சுதாம்? லிப்டுதான் ஓடுதே."

"ஒன்பதாம் மாடியில ஒரு கணக்கர் இருக்கார். அவர் லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்ட அன்னைக்கு, கதவை நெம்பிக்கிட்டே கேட்டேன். அவர் சொன்னார், பாங்குல எட்டு குடுக்கும்போது…"

"உன்கிட்ட ஆறுக்கு எவன் வருவான்னு கேட்டிருப்பார்."

"ஆமா. அதோட அந்தக் கடன்…"

"வாடகையில முதல் பந்தி கடன்காரனுக்கு."

லிப்ட்காரர் தலையைத் தூக்கினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஊசியில நூல் கோக்கறவதானே, ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும்."

"திட்டறதுன்னா திட்டிடு. இந்த ரூம் உனக்குக் கிடைக்காமப் போனா அது என்னால. கூடுதல் வேலை வேற எங்கயாவது தேடறேன். மிஷினை நானே தோள்ல தூக்கிட்டு வந்து வீட்டுல வைக்கறேன். கூடத்துல போட்டுக்க. நான் வெளியில படுத்துக்கறேன்."

தையல்காரம்மா அப்போதுதான் மிஷினை நிறுத்தினார். பத்து மாசம் தைத்துக்கொண்டிருந்த தையல் அது. நூலை வெட்டுகிற நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. கால்சட்டை அளவுக் காகிதங்களுக்கு அடியிலிருந்து ஒரு பாங்கு ரசீதை உருவி அவர் மடியில் போட்டார்.

லிப்ட்காரர் படித்தார். மறுபடியும் படித்தார். தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"இது டெபாசிட்டு."

"ஆமா."

"நம்ம பேர்ல இருக்கு."

"நம்ம பணம் வேற யார் பேர்ல இருக்கும்?"

"அப்போ நான் டிரஸ்ட்டுல போட்டது?"

"போடல. விண்ணப்பத்துல என் போன் நம்பரை எழுதினா, பாங்குல என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"ஆறுல போட்டு, ஆறே முக்கால்ல மாத்தி, ஏழரையில மாத்தி…" ரசீதில் ஒட்டியிருந்த பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இப்போ எட்டா?"

"எட்டு."

லிப்ட்காரர் நீண்ட மூச்சு விட்டார். அதில் சந்தோஷம் பாதி, இன்னொன்று பாதி. "பத்து மாசமா இல்லாத யூனிட்டுக்கா நான் இளைச்சேன்? பேண்ட்டு கழண்டு விழுதே."

"கொண்டாங்க, பிடிச்சுத் தைச்சுத் தரேன். அதுக்குக் கூலி வேண்டாம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடியே கேட்டிருக்கலாமே."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் தையல்காரம்மாவின் வேலை முடியவில்லை. மறுநாள் பூட்டுக்கடைக்குப் போய், பூட்டு ஒன்று விலை கேட்கிற மாதிரி நின்றார்.

"டயர் கடைக்காரர் எப்படி இருக்கார்?"

"அவரை ஏன் கேக்கறீங்க," என்று பூட்டுக்கடைக்காரர் சலித்துக்கொண்டார். "லோன் வட்டி ஏறிப்போச்சு, மாசத் தவணை கட்டுபடியாகாதுன்னு கழண்டுக்கிட்டார். வேற ரெண்டு பேர் வந்தாங்க, அவங்களும் லோன் ஆளுங்கதான். எனக்கோ குடோன் கடன் கழுத்தை நெரிக்குது. நீங்க அதே விலைக்கு வாங்கிக்கறீங்களா?"

"அதே விலை அன்னைக்கு வட்டிக்கு வந்த விலை. இன்னைக்கு வட்டிக்கு என்ன விலை?"

"ரூம் அதே ரூம்தானேம்மா?"

"பதினாலு மாடியே அதே மாடிதான், அது நூறுலேருந்து எழுபத்தாறுக்கு வந்துடுச்சு. உங்க ரூமுக்கு லிப்டுகூட இல்ல."

பூட்டுக்கடைக்காரர் வாயைப் பூட்டிக்கொண்டு யோசித்தார். "எழுபத்தாறெல்லாம் முடியாது. எண்பது."

"எண்பதுன்னா பதிவுச் செலவோட சேர்த்து நானும் லோனுக்குத்தான் போகணும். எழுபத்தாறுன்னா முழுசும் ஒரே கையா, அடுத்த வாரமே."

ஒரே கையாக என்ற வார்த்தையைக் கேட்டு அவர் கண் மின்னியது. கடன் உள்ளவனுக்கு அதைவிட இனிப்பு கிடையாது. அடுத்த வாரம் அறை தையல்காரம்மாவின் பெயருக்கு மாறியது. அறையின் பழைய விலையை நூறு என்று வைத்தால், டெபாசிட்டும் வட்டியும் சேர்ந்து எண்பத்து நாலு பக்கம் வந்திருந்தது. பதிவுச் செலவெல்லாம் போக கொஞ்சம் மிச்சமும் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா வந்து மிஷினைத் தொட்டுப் பார்த்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, "தங்கச்சி, இனிமே இந்தச் சுவத்துல ஆணி அடிக்க யாரையும் கேக்க வேண்டாம்," என்று மூக்கை உறிஞ்சினார். தையல்காரம்மா அன்றைக்கே ஏழு ஆணி அடித்தார். எதையும் மாட்டுவதற்கு இல்லை. அடிக்கலாம் என்பதற்காக அடித்தார்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பாங்குப் பெண்ணிடம் போனார்.

"வட்டி இன்னும் ஏறுமாம்மா?"

"நின்னுடும்னு சொல்றாங்க மேடம். யாருக்கும் நிச்சயமாத் தெரியாது."

"அந்த டிரஸ்ட்டு வட்டி ஏறக்கூடிய கடனை என்ன பண்ணுச்சு?"

"பெரும்பாலும் அடைச்சுட்டாங்க. மிச்சத்துக்கு அஞ்சு வருஷம் ஒரே வட்டி. பதினோராம் மாடிக்கும் புது ஆள் வந்தாச்சு. வாடகை வருஷா வருஷம் ஏறற ஒப்பந்தம்."

"அப்போ இந்த மிச்சத்துக்கு யூனிட் வாங்குங்க. போனாலும் குடும்பம் கவுந்துடாது. என் வீட்டுக்காரர் பேர்ல வாங்குங்க."

அப்படியாக லிப்ட்காரர் நிஜமாகவே சொந்தக்காரர் ஆனார். முதல் நாள் அவர் வேலைக்குப் போன நடையைப் பார்க்க வேண்டுமே. பிடித்துத் தைத்த பேண்ட், சீவின தலை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அண்ணே, நீங்க வாங்கின யூனிட்டுக்கு மூணாம் மாடிப் படிக்கட்டுல ஒரு படி வரும். அதுலயும் ஓரமா நில்லுங்க," என்றார். அவர் அதற்கெல்லாம் அசரவில்லை.

முதல் பங்குப் பணம் வந்த அன்றைக்கு, நோட்டாகவே எடுத்துக்கொண்டு தையல் அறைக்கு வந்து மேசையில் விசிறி மாதிரி விரித்தார்.

"பாரு. என் கட்டடம் எனக்கு அனுப்பின வாடகை."

"சந்தோஷம். நானே பேசணும்னு இருந்தேன். வீட்டுல கட்டிலுக்கு அடியில உங்க பழைய லிப்டு சாமான் கிடக்குதே, கப்பி, சங்கிலி, உடைஞ்ச கதவு. என்னால கூட்ட முடியல. இங்க பரண் காலியா இருக்கு. கொண்டு வந்து வெச்சுக்கங்க."

"பரவாயில்லையே. நீயே இடம் தரேன்னு சொல்றியே."

"தரேன். மாச வாடகை, மூணு வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு நூத்துக்கு அஞ்சு ஏத்தம்."

"புருஷன்கிட்டயே வாடகையா?"

"கட்டடம் வெச்சிருக்கிற மனுஷன், வாடகைன்னா இப்படி முழிக்கறீங்களே. மூணு மாச முன்பணம் குடுத்தா பரணுக்கு லைட்டு போட்டுத் தரேன்."

லிப்ட்காரர் மேசையில் விரித்த நோட்டைப் பார்த்தார், பரணைப் பார்த்தார், வீட்டுக் கட்டிலை நினைத்துப் பார்த்தார். பேரம் பேச வாயெடுத்தார். அதற்குள் தையல்காரம்மா நோட்டுகளைச் சேர்த்து ஒரு தடவை எண்ணி, முன்பணத்துக்குக் கொஞ்சம் குறைகிறது என்று சொல்லி, அந்தக் குறையை அவர் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்துக்கொண்டார்.